துப்பறிவாளர் மீது நான் எழுப்பிய ஆட்சேபணைகள்

என் மனைவி ஒரு துப்பறியும் நாவல் எழுதி முடித்துவிட்டாள் என்ற செய்தி, ஆறு வருடங்களுக்கு முன் ஒரு காலை, இட்லிக்கும் காபிக்கும் நடுவில் எனக்குத் தெரிவிக்கப்பட்டது. பதினோரு மாதமாக எழுதியிருக்கிறாள். அந்தப் பதினோரு மாதமும் நான் அதே வீட்டில், பெங்களூர் ஈஜிபுராவில் இரண்டே அறைகள் உள்ள அந்த மாடி வீட்டில், ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முழு நேரமும் இருந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் நீளமான நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் எழுதுவதைப் பார்த்தும் இருக்கிறேன். பழைய கம்பெனி யூனியனுக்கு ஏதோ மினிட்ஸ் எழுதுகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"ஏங்க, உங்களுக்குத் தமிழ் டைப்பிங் வரும்ல?"

"வரும். எதுக்கு?"

"மொத்தம் இருபத்தஞ்சு அத்தியாயம். முதல் மூணைக் கையால எழுதியே மெட்ராசுக்கு அனுப்பிட்டேன். பிடிச்சிருக்காம். மீதியை டைப் அடிச்சு மாசக் கடைசிக்குள்ள கேக்கறாங்க."

"என்ன அத்தியாயம்?"

"நாவல்ங்க. துப்பறியற நாவல்."

இட்லியைத் தட்டில் வைத்தேன். "யார் எழுதினது?"

"இந்த வீட்ல ரெண்டு பேருதான் இருக்கோம். நீங்க எழுதினீங்களா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். கடைசிப் பதினோரு வருடம் சூப்பர்வைசர். காலையும் மாலையும் கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஓசூர் ரோடு நெரிசலில் அந்த பஸ் நின்ற நேரத்தில்தான் அவள் மாத நாவல்களைப் படித்தாள். ஓசூரில் பிறந்த வீடு உள்ள பெண் ஒருத்தி அங்கே போய்வரும்போது பஸ் ஸ்டாண்டில் வாங்கி வருவாள். பதினைந்து பேர் கை மாறி, அட்டை கிழிந்து, எங்கள் வீட்டுக்கு வரும். வெளிநாட்டுக் காரில் வந்து இறங்கும் துப்பறிவாளர்களை அவளுக்குப் பிடிக்காது. தனியாக இருக்கிற, அடி வாங்குகிற, வேலை கொடுத்தவர்களாலேயே ஏமாற்றப்படுகிற ஆள்தான் வேண்டும். "அடி வாங்காதவனுக்கு என்னங்க தெரியும்?" என்பாள்.

நான் சிவில் கோர்ட்டில் சிரஸ்தேதாராக ஓய்வு பெற்றவன். குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைமை. வக்கீல்கள் கொண்டுவரும் மனு நீதிபதியிடம் போவதற்கு முன் என் மேஜைக்கு வரும். இந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் நடந்த விவகாரமா, காலவரம்பு தாண்டிவிட்டதா, சத்தியக் கூற்று இருக்கிறதா என்று பார்ப்பேன். குறை இருந்தால் ஓரத்தில் பென்சில் கோடு. முதல் பக்கத்தில் எண் போட்டு ஆட்சேபணைகள். ஏழு நாளில் நிவர்த்தி செய்து மறுபடி தாக்கல் செய்யவும். பெரிய பெரிய வக்கீல்கள் என் மேஜைக்கு முன் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்கள். எந்த மனுவும் முதல் தடவையே என்னைத் தாண்டிப் போனதில்லை என்று ஓய்வு பெறும் விழாவில் ஒருவர் பேசினார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சிறு வயதில் அல்சூர் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் டைப்ரைட்டிங் பரீட்சையும் எழுதியவன். ஆகவே நோட்டுகள் ஐந்தும் என்னிடம் வந்தன. தினம் ஒரு அத்தியாயம், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை.

நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துப்பறிவாளர் முன்பு போலீசில் இருந்தவர். பிடிக்கக் கூடாத ஒரு லாரியைப் பிடித்ததற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர். ஈஜிபுராவில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அறையெல்லாம் பட்டையும் கிராம்பும் மணக்கும். அவருக்கு அல்சர், பிரியாணி சாப்பிட முடியாது. ஒரு பெண் வருகிறாள். பொம்மசந்திராவில் லோடு ஏற்றும் தன் அண்ணனைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தர வேண்டும் என்கிறாள். துப்பறிவாளர் தேடுகிறார், லேபர் கான்ட்ராக்டரின் ஆட்களிடம் மூன்று தடவை உதை வாங்குகிறார், கடைசியில் தெரிந்துகொள்கிறார்: காணாமல் போனவன் அண்ணனில்லை, அவளுடைய புருஷன். தினமும் அவளை அடித்தவன். அவனைத் தீர்த்ததே அவள்தான். உடல் கிடைத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் துப்பறிவாளரை அமர்த்தினாள்.

கதையைத் துப்பறிவாளரே சொல்கிறார். அவருடைய வாக்கியங்கள் குட்டை. 'மழை பெய்தது. அவன் பொய் சொன்னான். இரண்டும் நிற்கவில்லை.' இப்படித்தான் நாலாம் அத்தியாயம் ஆரம்பித்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த பக்கத்திலேயே எனக்குக் கை அரித்தது.

போலீஸ் அதிகாரியைத் துறை விசாரணை நடத்தாமல் நீக்க முடியாது. நீக்கினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இவர் ஏன் போகவில்லை? வாசகன் கேட்பான். ஒரு பத்தி சேர்த்தேன்: அவருடைய மனு நிலுவையில் இருக்கிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆறாம் அத்தியாயத்தில் அவர் கான்ட்ராக்டரின் மேஜை டிராயரை உடைத்து ஒரு ரிஜிஸ்டரை எடுக்கிறார். தனியார் ஆளுக்குச் சோதனை போட என்ன அதிகாரம்? அப்படி எடுத்த ரிஜிஸ்டர் எந்தக் கோர்ட்டில் நிற்கும்? எனவே அவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்பினேன். இரண்டு சாட்சிகளைக் கூட்டிவந்து, எது எங்கே கைப்பற்றப்பட்டது என்ற மகஜர் எழுதவைத்தேன். சாட்சிகள் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருப்பது உத்தமம் என்பதால், கீழே பிரியாணிக் கடை மாஸ்டரையும் பக்கத்துத் தையல்காரரையும் போட்டேன். அந்தத் தேர்வில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததை மறைப்பதற்கில்லை. போனில் பதிவு செய்த பேச்சுக்குச் சான்றிதழ் இணைத்தேன். 'அவன் பொய் சொன்னான்' என்பதை 'மேற்படி நபர் உண்மைக்குப் புறம்பான தகவல் அளித்தார்' என்று மாற்றினேன். பொய் என்பது நிரூபிக்கப்பட்ட பிறகுதானே பொய்?

கடைசி அத்தியாயம். அவள் எழுதியிருந்தபடி, உண்மை தெரிந்த பிறகு துப்பறிவாளர் அந்தப் பெண்ணைத் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள அத்திபெலே வரைக்கும் கூட்டிப்போகிறார். ஓசூர் பஸ் வருகிறது. 'அவள் ஏறினாள். நான் ஏறவில்லை.' அவ்வளவுதான், முற்றும். கொலை செய்தவளைத் தெரிந்தே மாநில எல்லை தாண்டவிடுவதா? நான் அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கினேன். எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். ஒப்படைத்ததற்குத் துப்பறிவாளர் எழுத்துமூலம் ஒப்புகை பெற்றுக்கொண்டார்.

இதெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். குமாஸ்தா பிழை திருத்துவதை யார் போய் யாரிடம் சொல்வார்கள்? அடித்து முடித்த அன்று, "ஒரு தடவை பாத்துடறியா?" என்று கேட்டேன். நியாயமாகக் கேட்டேன்.

"நீங்க அடிச்சதை நான் எதுக்குப் பாக்கணும்? ஊருக்கெல்லாம் உண்மை நகல்னு சீல் வச்சுக் குடுத்த ஆளு," என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். அனுப்பினோம்.

எட்டாம் நாள் காலை பத்தரை மணிக்குச் சென்னையிலிருந்து போன். முதல் மூன்று அத்தியாயம் போயிருந்த மாத நாவல் பத்திரிகையின் ஆசிரியர், வயதானவர் என்பது குரலில் தெரிந்தது. அவள் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, முதல் மூணு அத்தியாயம் நீங்க எழுதினது. மீதி யாரும்மா எழுதினது?"

"எல்லாமே நான்தான் சார்."

"இல்லம்மா. மூணாவதுல அந்த ஆளு கதவை ஒதைச்சுத் தொறக்கறான். நாலாவதுல தீர்ப்பாயத்துல மனு போட்டுட்டு உக்காந்திருக்கான். ஆறாவதுல மகஜர் மட்டும் ஒன்பது பக்கம் போகுது. நான் இதை எந்த அட்டைக்கு உள்ள வச்சு விக்கறது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி அத்தியாயம் சார்?" என்றாள்.

"ரசீது வாங்கிட்டு வீட்டுக்குப் போறாரும்மா."

பிறகு அவர் தணிந்த குரலில் சொன்னார்: "அந்த மூணு அத்தியாயத்துக்காகத்தாம்மா ஒரு மாசத்தை உங்களுக்குன்னு ஒதுக்கினேன். புதுசா எழுதறவங்களுக்கு வருஷத்துல ஒண்ணுதான் போடறது. பத்து நாள் தர்றேன். நீங்க எழுதினது எங்கயாவது இருந்தா அனுப்புங்க. இல்லேன்னா வேற கதை போயிடும். அடுத்த வருஷம் இந்தப் பத்திரிகை இருக்குமான்னு எனக்கே தெரியாது."

போனை வைத்தாள். சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"என்ன பண்ணீங்க?"

நான் சொன்னேன். சட்டப்படி அப்படி நடக்க முடியாது என்றேன். வாசகர்களில் வக்கீல்களும் இருக்கலாம் என்றேன். எழுத்துப் பிழையோடு சேர்த்துச் சின்னச் சின்னக் குறைகளையும் சரிசெய்வது வழக்கம்தான் என்றேன். அவளுடைய பெயர் கெடக்கூடாது என்பதற்காகத்தான் என்றும் சொன்னேன்.

பேக்கிங் பிரிவில் அடிக்கடி மாத்திரை அட்டைகள் காணாமல் போகும். யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு காரணம் சொல்பவளை விட்டுவிடலாம். மூன்று காரணம் சொல்பவளுடைய பையைப் பார்க்க வேண்டும்.

"நாலு சொல்லிட்டீங்க," என்றாள்.

"இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா—"

"சும்னே இரி." சும்மா இருங்கள் என்பதைத்தான் சொன்னாள்; கோபம் வந்தால் அவள் கன்னடத்துக்கு மாறிவிடுவாள். கம்பெனிப் பழக்கம். அன்று மாலை வரை வேறு வார்த்தை எந்த மொழியிலும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து நான் அடித்த நாவலை அவள் முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகஜர் வந்த இடத்தில் சிரிப்பாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

வெளியே கொடுத்து அடிக்கலாம் என்றால் எங்கள் தெரு டிடிபி கடையில் கன்னடமும் இங்கிலீஷும்தான். ஓசூரில் கொடுக்கலாம், ஆனால் இருபத்திரண்டு அத்தியாயத்தை, அவளுடைய கையெழுத்தில், பத்து நாளில் முடிக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளே நோட்டோடு மேஜைக்கு வந்தாள். எனக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஸ்கிரீன் தெரியும்படி.

"நகல் செக்‌ஷன்ல எப்படிப் பண்ணுவீங்க?"

"ஒருத்தர் படிப்பாங்க, ஒருத்தர் அடிப்பாங்க. அப்புறம் ஒப்பிட்டுப் பாத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"நான் படிக்கறேன். நீங்க அடிங்க. நடுவுல பேசக் கூடாது."

அப்படித்தான் அந்தப் பத்து நாள் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், சில நாள் மூன்று. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவளுக்குக் கம்பெனி பஸ் ஆறேகாலுக்கு, எனக்குக் கோர்ட். ஞாயிற்றுக்கிழமை துணி. முப்பத்தைந்து வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் டைப் அடித்தால், கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை போன்றவற்றை நீக்கிய பின், நாற்பது பக்கம் வந்தால் அதிகம்.

அவள் படித்தது வேறு குரல். வீட்டில் பேசுகிற குரல் இல்லை. பேக்கிங் லைன் சத்தத்துக்கு மேல் கேட்பதற்காகப் பழக்கிக்கொண்ட குரலாக இருக்க வேண்டும். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்து வரும். முதல் முறை நான் அந்த நோட்டைக் கண்ணால் படித்தபோது எனக்குக் கேட்காதது அப்போதுதான் கேட்டது. துப்பறிவாளர் உதை வாங்கிக் கீழே கிடக்கும்போது, தன்னை உதைத்தவனுடைய செருப்பு அறுந்திருப்பதைப் பார்த்து, இவனும் தினக்கூலிதான் என்று நினைக்கிறார். முன்பு அந்த வரியை நான் சம்பந்தமற்றது என்று நீக்கியிருந்தேன்.

இரண்டாம் நாள் என்று நினைக்கிறேன், டிராயரை உடைக்கிற இடம் வந்தது. என் கை நின்றுவிட்டது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"மனசுக்குள்ள மகஜர் ஓடுதா?"

"ஓடுது."

"ஓடட்டும். கையை மட்டும் அடிக்கச் சொல்லுங்க." பிறகு, முதல் தடவையாக, கொஞ்சம் சிரித்தாள். "அந்தத் தையல்காரரை சாட்சியா போட்டீங்க பாருங்க. அவரு நம்ம ஜாக்கெட்டையே சொன்ன தேதிக்குக் குடுக்க மாட்டாரு. கோர்ட்டுக்கு வருவாராக்கும்."

மதியம் மீதமிருந்த தோசை மாவில் ஏதாவது செய்துகொள்வோம். நானும் செய்தேன். அவள் குரலை மிச்சப்படுத்த வேண்டியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். நான் செய்தவற்றுள் ஆட்சேபணைக்கு இடமில்லாதது அந்த வெந்நீர் ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். அத்திபெலே, மத்தியான வெயில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு இளநீர் வாங்கிப் பாதி குடித்துவிட்டு மீதியைத் துப்பறிவாளரிடம் கொடுக்கிறாள். ஓசூர் பஸ் வருகிறது. 'அவள் ஏறினாள். நான் ஏறவில்லை.' அடித்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன். பேசக் கூடாது என்ற நிபந்தனை நினைவிருந்தும் கேட்டுவிட்டேன்.

"ஏன் விட்டுடறார்?"

அவள் நோட்டை மூடினாள். "எங்க லைன்ல ஒரு பொண்ணு இருந்தா. மாசத்துல பத்து நாள் ஏதாவது வீங்கிட்டு வருவா. கேட்டா பாத்ரூம்ல வழுக்கிடுச்சும்பா, மாடிப்படிம்பா, பஸ்ல இடிச்சிடுச்சும்பா. மூணு காரணம். ஒரு நாள் மத்தியானம் ஷிஃப்ட் முடியறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து, மேடம், நான் இப்படியே கிளம்பறேன்னா. கையில மாத்துத் துணிகூட இல்ல. நானே அவளை அத்திபெலே வரைக்கும் ஆட்டோவுல கூட்டிட்டுப் போயி ஓசூர் பஸ் ஏத்திவிட்டேன். மறுநாள் அவ புருஷன் கேட்ல வந்து நின்னான். அவ நேத்து வேலைக்கே வரலையேப்பான்னு சொன்னேன். ரிஜிஸ்டர்லயும் ஆப்சென்ட் போட்டுட்டேன்."

"எப்போ?"

"பதினாலு, பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

வருகைப் பதிவேட்டில் பொய்ப் பதிவு போடக் கூடாது என்று சொல்லியிருப்பேன். மேலதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பேன். இரண்டும் சரிதான். அன்று அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண்ணை நான் போன மாதம் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறேன் என்பதுதான் தோன்றியது.

"அவ கொலை பண்ணலையே," என்றேன் கடைசியாக. ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"இல்ல. அது நாவலுக்காக." நோட்டின் அட்டையைத் தடவினாள். "எங்க இருக்காளோ. படிப்பாளான்னு தெரியாது. பஸ்ல படிக்க எனக்கு மாச நாவல் வாங்கிட்டு வந்து குடுத்துட்டிருந்ததே அவதான்."

பத்தாம் நாள் முழுவதும் ஒப்பிட்டோம். இந்தத் தடவை நான் ஸ்கிரீனைப் படித்தேன், அவள் நோட்டில் விரல் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு ஒற்று விட்டுப்போயிருந்தது; அதைத் திருத்த அனுமதி கேட்டேன், கிடைத்தது. உடன் அனுப்பும் கடிதத்தையும் அவளே சொன்னாள், நான் அடித்தேன்: 'தட்டச்சு செய்தவர் சேர்த்தவை எல்லாம் நீக்கப்பட்டுள்ளன. இனி சேர்க்க மாட்டார்.' கடைசி வாக்கியம் தேவையா என்று கேட்டேன். தேவை என்றாள்.

மூன்றாம் மாதம் நாவல் வந்தது. அட்டையில், கதையில் எங்குமே இல்லாத ஒரு துப்பாக்கி. அத்திபெலே பஸ் ஸ்டாண்டு கடையில் ஆறு பிரதி வாங்கினாள். நாலு பழைய லைன் ஆட்களுக்கு. ஒன்று வீட்டுக்கு. ஆறாவதை ஓசூர் பஸ் ஒன்றில், ஜன்னலோர சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். அது யாரிடம் போய்ச் சேரும் என்று நான் கேட்கவில்லை. அந்தளவுக்குத் தேறியிருந்தேன்.

அந்தப் பத்திரிகை அடுத்த வருடமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அவள் இப்போது நாலாவது நாவலில் இருக்கிறாள். நோட்டு இல்லை. நானும் இல்லை. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே தமிழில் எழுதிவிடுகிறது. தப்பாக எழுதினால் அவளே திருத்துகிறாள். ஒப்பிட ஆள் வேண்டாமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "புக்கா வந்ததும் படிங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். அந்தப் பத்து நாள் போல இன்னொரு பத்து நாள் எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்பது அப்போது புரிந்தது.

காலை பத்து மணிக்கு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் வெந்நீரைக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பேன். அந்தக் குரல் கேட்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு. போன வாரம் துப்பறிவாளர் யாரையோ சுவரோடு சேர்த்து நிறுத்தி மிரட்டிக்கொண்டிருந்தார். என் கையில் டம்ளர் தட்டோடு உரசியிருக்க வேண்டும்.

"யாரு அங்க?" என்றாள் உள்ளேயிருந்து.

"நான்தான்."

"அதையும் இந்த போன் எழுதிடுச்சுங்க. தண்ணிய வச்சிட்டு அந்தப் பக்கம் போங்க, அழிக்கணும்."